ஆளில்லா ஆயுதம் வந்தால் எதிரி பயப்படுவானா?

"செயற்கை நுண்ணறிவும் தானியங்கி ஆயுதமும் வந்தால் நாடுகள் போருக்குப் பயந்து ஒதுங்குமா, இன்னும் துணியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில் துணிச்சல்தான் கூடும்.

பயங்காட்டித் தடுப்பது என்றால், 'கை வைத்தால் திருப்பி விழும்' என்று எதிரியை நம்பவைப்பது. எல்லையில் படைவீரரை நிறுத்தினால் அந்த நம்பிக்கை வரும். அவர்கள் செத்தால் நாடு சும்மா இருக்காது. டிரோன் விழுந்தால் யார் அழப்போகிறார்கள்? 2019 ஜூனில் அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானத்தை ஈரான் சுட்டு விழுத்தியது. அதற்காக 150 பேர் வரை சாவது பொருந்தாது என்று சொல்லி, டிரம்ப் பதிலடியைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார். சண்டை மூளவில்லை, சரி. ஆனால் சுடுவதும் மலிந்துவிட்டது.

அப்புறம் வேகம். கணினி கணத்தில் முடிவெடுத்தால், மனிதன் நின்று யோசிக்க இடமிருக்காது. 1983 செப்டெம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகச் சோவியத் கணினி சொன்னது. கடமையில் இருந்த சோவியத் படை அதிகாரி பெட்ரோவ் அதை நம்பவில்லை. முகிலில் பட்டுத் தெறித்த வெயில்தான் அது! அந்தக் கதிரையில் இன்னொரு கணினி இருந்திருந்தால்? 2024 நவம்பரில் பைடனும் சி ஜின்பிங்கும், அணு ஆயுத முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு இது முழுக்கப் புதிதல்ல. மிதிவெடியும் ஒருவகைத் தானியங்கி ஆயுதந்தானே? மிதிப்பது படைவீரனா, மாடு சாய்த்துப்போகிறவரா என்று அது பார்க்காது. சண்டை முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவும் முடியாது. போர் முன்னரங்காக இருந்த முகமாலையில், போர் ஓய்ந்து பத்து வருடங்களுக்குப் பிறகும், முழந்தாளில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் அவற்றை எடுத்தார்கள்.