பேனலில் இருக்கும் பெயரும் டீமேட்டில் வரும் பங்கும்

முதலீடு: வாசகர் கேள்வி – பதில்

தொழிற்சாலை ஆட்டோமேஷன் நிறுவனங்களை (ஆலையைத் தானாக ஓட்டும் கன்ட்ரோல் கருவிகளைச் செய்பவை) பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். வளைகுடா ஆலைகளில் கருவிகளோடு மல்லுக்கட்டியவர்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்பதால் கேள்விகளும் கூர்மையாகவே இருந்தன.

கேள்வி: சவூதியிலும் கத்தாரிலுமாக 18 வருடம் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். போன ஆலையிலெல்லாம் நாலைந்து கம்பெனிகளின் சிஸ்டம்தான் இருந்தது. அவற்றின் பங்கை வாங்கினால் தப்பாது என்று தோன்றுகிறது. சரியா? – தக்கலை வாசகர்

பதில்: பாதி சரி. நீங்கள் கண்ணால் பார்த்தது உண்மையான பலம். ஹனிவெல், யோகோகாவா, எமர்சன், ஏபிபி, சீமென்ஸ் என எந்த டி.சி.எஸ். (ஆலை முழுவதையும் இயக்கும் கன்ட்ரோல் சிஸ்டம்) ஒரு ரிஃபைனரியின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துவிட்டாலும், பதினைந்து இருபது வருடத்துக்கு அதை எழுப்புவது கஷ்டம். அதற்குக் காரணம் பெட்டியின் விலை என்று பலர் நினைக்கிறார்கள். விலைக்கு அதில் சின்னப் பங்குதான்.

கோணம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு ஆலை என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல் கருவிகள் மாட்டிய பெட்டியான பேனலின் கதவைத் திறந்தால் மேலே 24 வோல்ட் பவர் சப்ளை, பக்கத்தில் மெஷினை ஓட்டும் சிறு கணினியான பி.எல்.சி., அதை ஒட்டி இன்புட், அவுட்புட் கார்டுகள், கீழே டெர்மினல் வரிசையில் நம்பர் மாட்டிய நூறு நூற்றைம்பது வயர்கள். ஒரு கார்டு போய்விட்டது. டீலர் 40,000 ரூபாய் சொல்கிறார். இப்படி ஐந்து கார்டு வாங்கும் காசில், அதாவது 2 லட்சத்துக்கு, வேறு பிராண்டில் பி.எல்.சி. முழு செட்டே கிடைக்கும். ஆனாலும் முதலாளி முனகிக்கொண்டே அந்தக் கார்டைத்தான் வாங்குவார். பிராண்டை மாற்றினால் பி.எல்.சி.க்கு எழுதிய பழைய லேடர் புரோகிராமை அப்படியே ஏற்ற முடியாது. புதிதாக எழுதிச் சோதிக்க வேண்டும். வயரிங் மாறும், ஆபரேட்டர் பார்த்து இயக்கும் ஹெச்.எம்.ஐ. திரை மாறும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவோடு பேசும் நெட்வொர்க்கும் மாறலாம். எட்டு நாள் ஆலை நின்று, நாளுக்கு ஒன்றரை லட்சம் போனால் அதுவே 12 லட்சம். இதெல்லாம் போக, ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிற பையனுக்குத் தெரிந்தது பழைய சாஃப்ட்வேர்தான்.

போட்டியில் ஒரு நிறுவனம் எங்கே நிற்கிறது என்பதை அளக்க முதல் அளவுகோல் இதுதான்: ஏற்கெனவே எத்தனை ஆலைகளில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பேர், சர்வீஸ், அப்கிரேடு மூலம் அங்கிருந்து வருடா வருடம் என்ன வருகிறது. ஜப்பானின் ஃபானுக், வாடிக்கையாளர் பயன்படுத்தும் காலம் வரை பழுது பார்த்துத் தருவோம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. அதைத் தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாடிக்கையாளர் வேறு பக்கம் திரும்பாமல் இருப்பதற்கான வேலி அது.

இனி தவறான பாதி. பேனலில் ஒட்டியிருக்கும் பெயரும் நம் சந்தையில் கிடைக்கும் பங்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஷ்னைடரை எடுங்கள். மோடிகான் பி.எல்.சி. அவர்களுடையது. எல் அண்ட் டி-யின் மின்சாதன, ஆட்டோமேஷன் பிரிவையும் 2020-ல் வாங்கி முடித்தார்கள். ஆனால் அந்த வியாபாரம் இருப்பது பட்டியலிடப்படாத இந்தியத் துணை நிறுவனத்தில். நம் சந்தையில் உள்ள ஷ்னைடர் எலெக்ட்ரிக் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், மின் விநியோகத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர், மீடியம் வோல்டேஜ் ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் கருவி) செய்கிற கம்பெனி. பி.எல்.சி.யை நம்பி அதை வாங்கியவர் ஸ்விட்ச்கியர் வாங்கியிருக்கிறார்! யோகோகாவாவின் இந்தியக் கம்பெனியும் பட்டியலில் இல்லை. ஏபிபி இந்தியா, சீமென்ஸ் ஆகிய இரண்டும் பட்டியலில் உண்டு. ஆனால் ஆட்டோமேஷன் அவற்றில் ஒரு துண்டு. ஏபிபி இந்தியாவில் பெரிய துண்டு எலெக்ட்ரிஃபிகேஷன், ரோபோ பிரிவு கடைக்குட்டி. சீமென்ஸில் டிஜிட்டல் இண்டஸ்ட்ரீஸோடு கட்டட மின்வசதி, ரயில் வேலைகளும் சேர்ந்தே வரும்.

ஆகவே ஆண்டறிக்கையைத் திறந்ததும் சேர்மன் கடிதத்தைத் தாண்டி, கணக்குக் குறிப்புகளில் ‘செக்மென்ட்’ பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பிரிவு எவ்வளவு விற்றது, எவ்வளவு லாபம் தந்தது, எவ்வளவு மூலதனத்தைத் தின்கிறது என்று மூன்று எண்கள் கிடைக்கும். உங்களுக்குப் பிடித்த பிரிவு மொத்த லாபத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், நீங்கள் வாங்குவது மீதி ஒன்பதை.

பத்து வருட எண்களை வரிசையாக வைத்து ஒப்பிடும்போது இன்னொரு குழி உண்டு. ஏபிபி தன் பவர் கிரிட் தொழிலைப் பிரித்துவிட்டது. அது 2020-ல் தனியாகப் பட்டியலாகி இன்று ஹிட்டாச்சி எனர்ஜி இந்தியாவாக இருக்கிறது. சீமென்ஸின் எனர்ஜி தொழில் 2025-ல் ஒன்றுக்கு ஒன்று பங்காகப் பிரிந்தது. பிரிவுக்கு முந்தைய விற்பனையோடு பிந்தையதை ஒப்பிட்டால் கம்பெனி சுருங்கிவிட்டதாகத் தோன்றும். ஏபிபி இந்தியாவுக்குக் கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ‘ஆர்டர் புக் வரலாறு காணாத உயரம்’ என்று செய்தி வந்தாலே பங்கு ஏறுகிறது. அதை எவ்வளவு நம்பலாம்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: கையில் உள்ள ஆர்டர்களின் மொத்தம்தான் ஆர்டர் புக். அந்த எண்ணை நம்பலாம். அதன் தரத்தைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு வருடத்தில் புதிதாக வந்த ஆர்டர் 1,200 கோடி, விற்பனை 1,000 கோடி என்றால் விகிதம் 1.2. ஒன்றுக்கு மேல் நிற்பது நல்லது. ஆனால் அந்த 1,200-ல் 350 கோடி ஒரே மெட்ரோ ஆர்டராக இருந்தால், அதைக் கழித்துப் பாருங்கள்: 0.85. தினசரி வியாபாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பி.எல்.சி., டிரைவ், சென்சார் போன்ற சரக்குகள் வாரங்களில் புரளும். ஆலை முழுமைக்கான புராஜெக்ட்டுகள் இரண்டு மூன்று வருடம் இழுக்கும். முன்னதில்தான் பொருளாதாரத்தின் நாடித்துடிப்பு முதலில் தெரியும். கோவிட் காலத்து சிப் தட்டுப்பாட்டில் டீலர்களும் மெஷின் செய்பவர்களும், சரக்கு வராதோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். தட்டுப்பாடு தீர்ந்ததும் குடோனில் இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் மறுபடி வாங்க வந்தார்கள். அமெரிக்காவின் ராக்வெல் ஆட்டோமேஷன் 2023 நிதியாண்டில் 906 கோடி டாலர் விற்றது. அடுத்த ஆண்டில் அது 826 கோடிக்கு இறங்கியது. வாடிக்கையாளர்கள் ஓடிவிடவில்லை, குடோன் நிரம்பியிருந்தது. ஆர்டர் உச்சத்தில் இருந்தபோது வாங்கியவருக்கு இந்த வித்தியாசம் ஆறுதல் தராது.

ஆர்டரைவிட எங்களுக்கு முக்கியமாகப் படுவது காசு. புராஜெக்ட் ஆர்டரில் பெரும்பாலும் கொஞ்சம் அட்வான்ஸ், சரக்கு அனுப்பும்போது பெரும்பகுதி, கமிஷனிங் (நிறுவி ஓட்டிக் காட்டுவது) முடிந்தபின் பத்து சதவீதம் போலப் பாக்கி. அந்தக் கடைசிப் பத்தில்தான் தகராறு. சிவில் வேலை முடியாததால் பேனல் பிரிக்கப்படாமல் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். சப்ளையர் தப்பே செய்யாவிட்டாலும் பில் நகராது. லாபக் கணக்கிலோ அது வருமானமாக ஏறியிருக்கும்.

இதைப் பிடிக்க மூன்று கணக்கு போதும். விற்பனை 1,000 கோடி, வரவேண்டிய பாக்கி 330 கோடி என்றால் 330-ஐ 1,000-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள்: 120 நாள். இன்னும் பில் போடாத வருமானத்தை ‘கான்ட்ராக்ட் அசெட்’ என்று தனியாகக் காட்டுவார்கள்; அது 110 கோடி என்றால் இன்னொரு 40 நாள். ஆக 160 நாள். போன வருடம் 125 என்றால், ஏன் என்று காரணம் கேட்க வேண்டும். மூன்றாவது, ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டி ஒப்பிடுவது. 100 ரூபாய் லாபத்துக்கு 60 ரூபாய் ரொக்கம்தான் வந்தது என்றால், மீதி 40 யாரோ ஒருவர் ஆலையில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது.

கேள்வி: ஹனிவெல் ஆட்டோமேஷன் பங்கு ஒன்றே பல்லாயிரக்கணக்கில் விற்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா? – குளச்சல் வாசகர்

பதில்: ஒரு பங்கின் விலை பெரிய எண்ணாக இருப்பதாலேயே அது காஸ்ட்லியான பங்கு ஆகிவிடாது. அந்தக் கம்பெனிக்கு மொத்தமே சுமார் 88 லட்சம் பங்குகள்தான். அதிலும் 75 சதவீதம் தாய் நிறுவனத்திடம். கேக்கைக் குறைந்த துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. பார்க்க வேண்டியது, ஒரு பங்குக்கான லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம் என்பது. இந்தத் துறையில் எங்களுக்கு நிஜமான கவலை அதுதான்.

ஒரு பேச்சுக்கு, பங்குக்கு ஒரு ரூபாய் லாபம்; அதைப்போல் 70 மடங்கில், 70 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். லாபம் வருடம் 15 சதவீதம் வளர்ந்து ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகிறது. அருமையான கம்பெனி! அதற்குள் சந்தையின் உற்சாகம் தணிந்து மடங்கு 40-க்கு வந்தால், 70 ரூபாய்ப் பங்கு 80 ரூபாய். வருடத்துக்கு 2.7 சதவீதம். கூட்டுறவு வங்கி டெபாசிட்டே மேல்.

தாய் நிறுவனம் 75 சதவீதம் வைத்திருக்கும் இடங்களில் ராயல்டி, தொழில்நுட்பக் கட்டணம், குழுமத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றையும் ஐந்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். பிராண்ட், ராயல்டிக்குக் கொடுப்பது விற்பனையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் சிறு பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி. அதற்குக் கீழே மெதுவாக ஏறுவதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. பிரிவில் ‘ஸ்மார்ட் ஆட்டோமேஷன்’ என்று ஒரு கம்பெனி ஐ.பி.ஓ. (முதல் பங்கு வெளியீடு) வருகிறது. போடலாமா? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வெளியீட்டு ஆவணமான பிராஸ்பெக்டஸில் மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். பி.எல்.சி.யும் டிரைவும் வெளியிலிருந்து வாங்கி, பெட்டியில் மாட்டி, வயர் இழுத்து, புரோகிராம் போட்டுத் தருகிறவர் என்றால் அவர் சிஸ்டம் இன்டக்ரேட்டர். மரியாதைக்குரிய தொழில்தான். ஆனால் விலையை மேலே பிராண்டுக்காரர் நிர்ணயிக்கிறார், கீழே வாடிக்கையாளர் டெண்டரில் நசுக்குகிறார். நடுவில் நிற்பவருக்கு மிஞ்சுவது இன்ஜினீயர்களின் திறமை; அவர்கள் நாலு பேர் சேர்ந்து வெளியேறிப் பக்கத்துத் தெருவில் கடை போட்டால் அதுவும் போச்சு. முதல் ஐந்து வாடிக்கையாளர்கள் விற்பனையில் எவ்வளவு, மார்ச் மாதத்தில் மட்டும் பில் குவிகிறதா, திரட்டும் பணத்தில் எவ்வளவு ‘நடைமுறை மூலதனத்துக்கு’ என்ற மூன்றும் திருப்தியாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எஸ்.எம்.இ. பங்கை லாட்டாகத்தான், அதாவது மொத்தக் கட்டாகத்தான் விற்க முடியும். இறங்கும் நாளில் வாங்க ஆள் இருக்காது.

கேள்வி: சீனக் கம்பெனிகள் வந்துவிட்டால் இவர்கள் கதி? – குலசேகரம் வாசகர்

பதில்: பொருளைப் பொறுத்தது. டிரைவ், செர்வோ மோட்டார், சிறிய பி.எல்.சி. ஆகியவற்றில் அடி ஏற்கெனவே விழுகிறது; சீனாவின் இனோவன்ஸ் போன்றவை தங்கள் நாட்டில் ஜப்பானிய, ஐரோப்பிய பிராண்டுகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஜெர்மனியின் கூகா ரோபோ கம்பெனியை மைடியா (Midea) என்ற சீன நிறுவனம் வாங்கியதும் பழைய செய்தி. ஏபிபியே தன் உலக ரோபோ தொழிலை சாஃப்ட்பேங்குக்கு விற்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ரோபோ படத்தை அட்டையில் போட்ட அறிக்கைகளைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம். ரிஃபைனரி, மருந்து ஆலை, அனல் மின் நிலையம் போல நின்றால் ஆபத்தாகும் இடங்களில் டி.சி.எஸ்.-உம் பாதுகாப்பு சிஸ்டமும் அவ்வளவு சுலபமாக மாறாது.

கேள்வி: முப்பந்தலில் பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதியவை நிறுத்தினால் ஆட்டோமேஷன் பங்குகளுக்கு லாபமா? – ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: கொஞ்சம். கன்ட்ரோலரும் கன்வெர்ட்டரும் டர்பைன் செய்பவரின் பொதியோடு வந்துவிடும். வெளியே மிஞ்சுவது சப்-ஸ்டேஷனின் பாதுகாப்பு ரிலே, தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா, மீட்டரிங். பெரிய கம்பெனியின் கணக்கில் இது சில்லறை. இதை நம்பிப் பங்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: ராக்வெல், எமர்சனை அமெரிக்கச் சந்தையிலேயே வாங்கினால் என்ன? – தக்கலை வாசகரின் இன்னொரு கேள்வி

பதில்: வாங்கலாம். இங்கே குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப அனுமதி உண்டு. முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டி.சி.எஸ். ஆகப் பிடிக்கும் (உங்கள் கன்ட்ரோல் ரூம் டி.சி.எஸ். இல்லை), வருமான வரி ரிட்டர்னில் அது கழிவாகும். டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் இங்கே வரவு கேட்கலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் வரலாம்.

வளைகுடாவில் இருந்தபோதே வாங்கிய அமெரிக்கப் பங்குகள் இருந்தால் அவற்றைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்கர் அல்லாத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், மிச்சத்துக்கு 40 சதவீதம் வரை அங்கே எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி) உண்டு. அதனால் அந்த அளவை ஒட்டி நிறுத்திக்கொள்வது வீட்டாருக்குச் செய்யும் உதவி.