பாரிஸ் பழம்பொருள் சந்தையில் ‘நெப்போலியன் காலத்து’ பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) என்று சொல்லி விற்றார்கள். அதன் அடையாளங்களை எழுதியிருக்கிறேன். முதுகில் ‘7’ என்றும் 1877 என்றும் இருக்கிறது, 1877 ஜூலை என்று நினைக்கிறேன். உண்மையா? என்ன விலை பெறும்?

கத்தி உண்மைதான். நெப்போலியன்தான் பொய்.

மரப்பிடி, பித்தளைத் தலை, ஒல்லியான நேர் அலகு, அலகின் முதுகில் சாய்வெழுத்து. நீங்கள் சொன்ன இந்த அடையாளங்களெல்லாம் பிரெஞ்சுப் படையின் 1874 மாதிரி ‘கிரா’ துப்பாக்கியின் பயனெட்டுக்கு உரியவை. நெப்போலியன் 1821-லேயே இறந்துவிட்டார். அவருடைய காலாட்படையின் பயனெட்டுக்குக் கத்திப்பிடியே கிடையாது. மூன்று பட்டையுள்ள ஒரு முள், அதன் அடியில் ஒரு குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாயைத் துப்பாக்கிக் குழலின் மேல் மாட்டித் திருகிக்கொள்வார்கள். அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியனும் 1870 செப்டம்பரில் பதவி இழந்துவிட்டார். அந்த மூன்றாமவர் காலத்தது ‘ஷாஸ்போ’ துப்பாக்கியின் (1866) பயனெட்: அலகு பாம்பு நெளிவாக இருக்கும், பிடி முழுக்கப் பித்தளை. சந்தையில் இந்த இரண்டையும் கலந்து போட்டுவிட்டு எல்லாவற்றையும் நெப்போலியன் தலையில் கட்டுவார்கள்.

இனி முதுகு எழுத்து. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். எந்த ஊர் ஆயுதச்சாலை (செந்த் எத்தியென், ஷாத்தெல்ரோ, துல்...), எந்த மாதம், எந்த ஆண்டு என்று வரிசையாக இருக்கும். நீங்கள் ‘7’ என்ற எண்ணைப் பார்த்து 1877 ஜூலை என்று எழுதியிருக்கிறீர்கள். அது செப்டம்பர். ‘செப்டம்’ என்றால் லத்தீனில் ஏழு, அதனால் அந்த மாதப் பெயரை எண் போட்டுச் சுருக்குவது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர். டிசம்பருக்கு ரோமன் பத்து (X). நானும் முதலில் ஏமாந்தவன்தான்.

ஆனால் ஆண்டு பழையது என்பதால் மட்டும் விலை ஏறாது. கிரா பயனெட்டுகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. 1886-ல் லெபெல் துப்பாக்கி வந்ததும் அவை இரண்டாம் வரிசைப் படைகளுக்குப் போய்விட்டன, அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சேகரிப்பவர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்கே நிற்கும் இரும்பில் ஓர் எண் இருக்கும், உறையிலும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றானால் அது பிறந்த ஜோடி. நான் சுற்றிய சந்தைகளில் உறையில்லாததை 40, 50 யூரோவுக்குக் கேட்பார்கள். எண் பொருந்தி, உறையின் பழைய கருநீலப் பூச்சும் மிச்சமிருந்தால் 100-ஐத் தாண்டும். யாரோ அலங்காரத்துக்காக குரோம் பூசிப் பளபளப்பாக்கியிருந்தால் சேகரிப்பவர் தொடக்கூட மாட்டார்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். என் முதல் ஷாஸ்போவின் பித்தளைப் பிடியை, ஊரில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கினேன். அலகுக்கு உப்புத்தாள். தங்கம் மாதிரி மின்னியது! வாங்க வந்தவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, முதல் வாரம் சொன்ன விலையில் பாதியைச் சொன்னார். ஆயுதச்சாலைச் சோதனையாளர்கள் குத்திய சின்னஞ்சிறு முத்திரைகள் பாதி அழிந்திருந்தன. துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தடவி, துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்று: குட்டையாக வெட்டிய கிராவை ‘முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிக் கத்தி’ என்று இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். அப்படி வெட்டிப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வெட்டியதும் அதே மேஜையில்தான் கிடக்கும். வெட்டிய முனையில் துரு புதிதா பழையதா என்று பாருங்கள்.

வீட்டில் வைத்திருக்கப் பிரான்சில் உரிமம் தேவையில்லை. தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துப்போவதுதான் தவறு, ஆகவே மெட்ரோவில் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். உறை எண்ணைப் பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் போடுங்கள், குறுக்கிரும்பு எண்ணோடு சேர்த்து.