அத்தை இறந்துட்டாங்க, வீட்டைக் காலி பண்றோம், உள்ள நகை பணம் கிடைச்சா என்ன செய்யணும்?

அத்தைக்கு வீட்டுக்காரரும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல, உயில் இருக்கான்னு தெரியல, கிடைக்கிற நகையை அண்ணன் தம்பி பிள்ளைங்க நாங்களே பிரிச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நாங்க குடியாத்தம் பக்கம். எங்க ஆயா போனப்புறம் வீட்டைக் காலி பண்ணது நாங்கதான், அதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

16ஆம் நாள் காரியம் முடியற வரைக்கும் பீரோவைத் தொடாதீங்க. காரியத்துக்கு ரெண்டு பக்கத்து சொந்தமும் வருவாங்க இல்ல, அவங்க ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள எல்லார் முன்னாடியும் தெறங்க, ஒருத்தர் நோட்டுல எழுதட்டும், ஒருத்தர் போன்ல போட்டோ எடுக்கட்டும், நகையைத் தெரிஞ்ச கடையில எடை போட்டு அதையும் எழுதிக்கோங்க. சாவியை வச்சிகினு ஒருத்தர் மட்டும் தனியா உள்ள போனா, குண்டுமணி தங்கம்கூட எடுக்கலன்னாலும் பேச்சு காலத்துக்கும் நிக்கும்.

பீரோல இருக்கறது கொஞ்சம்தான். அரிசி டிரம், மஞ்சத்தூள் டப்பா, சாமி படத்துக்குப் பின்னாடி, பட்டுப்புடவை மடிப்பு, பரண்மேல இருக்கற டிரங்கு பெட்டி, எல்லாம் பாக்கணும். தலகாணியைப் பிரிச்சுப் பாக்காம எதையும் வெளிய போடாதீங்க.

எங்க ஆயாவோட மஞ்சத்தூள் டப்பா அடியில ஒரு சுருக்குப் பை இருந்துச்சு. உள்ள துணில முடிஞ்சு ஒரு ஜோடி கம்மல், கூடவே காலண்டர் தாளைக் கிழிச்சு அதுல ஒரு பேரும் 3000னும் எழுதியிருந்துச்சு. அடுத்த தெருல இருக்கற ஒரு அம்மா கைமாத்து வாங்கினப்ப குடுத்து வச்ச கம்மல் அது. மாமா அவங்களை வீட்டுக்கே கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் குடுத்தாரு, பணத்தை அவங்க கொஞ்சம் கொஞ்சமா குடுத்து முடிச்சாங்க. அதனால வீட்ல இருந்ததெல்லாம் செத்தவங்களோடதுன்னு நினைச்சுக்காதீங்க, துண்டுச் சீட்டைக்கூட படிச்சுப் பாருங்க. அதே மாதிரி அத்தையோட நகை அடகுல இருக்கலாம், ரசீது கெடச்சா சீக்கிரம் போய்க் கேளுங்க, கெடு தாண்டினா ஏலத்துக்குப் போயிடும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாம ஒரு பொம்பளை இறந்து, புருஷன் பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க யாருமே இல்லன்னா, சொத்து அவங்க புருஷனோட வாரிசுங்களுக்குத்தான் போகும். அப்பா அம்மா கிட்டருந்து வாரிசா வந்த சொத்து மட்டும்தான் பொறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். கடைசி வரைக்கும் சோறு போட்டுப் பாத்துகினது நீங்களா இருந்தாலும் இதுதான் சட்டம், எனக்கு இது ரொம்ப அநியாயமாதான் தோணுது. அதனாலதான் சொல்றேன், நகையைவிட முதல்ல உயிலைத் தேடுங்க. ரிஜிஸ்டர் பண்ணாத வெள்ளைத்தாளா இருந்தாலும் அவங்க கையெழுத்தும் ரெண்டு சாட்சி கையெழுத்தும் முறையா இருந்தா செல்லும். இல்லன்னா ஒரு வக்கீலைப் பாக்காம எதையும் பிரிக்காதீங்க. கிறிஸ்தவங்க, முஸ்லிம்களுக்குச் சட்டம் வேற.

பழைய பத்திரத்துல வட ஆற்காடு மாவட்டம்னு இருந்தா செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. 1989ல மாவட்டத்தைப் பிரிச்சாங்க, 2019ல வேலூரை மறுபடியும் பிரிச்சு ஆற்காடு, வாலாஜாலாம் ராணிப்பேட்டைக்குப் போயிடுச்சு, பேருதான் மாறுச்சு, பத்திரம் பத்திரம்தான்.

ரொக்கத்துல பழைய 500, 1000 நோட்டு இருந்தா அதை இனிமே மாத்த முடியாது, பத்து நோட்டுக்கு மேல வச்சிருக்கறதே 2017 சட்டப்படி தப்பு. 2000 நோட்டுன்னா கவலை வேணாம், சென்னை ரிசர்வ் வங்கில மாத்தலாம், தபால்லயும் அனுப்பலாம். வெள்ளிக்காசு கெடச்சா புளி போட்டுத் தேய்க்காதீங்க, கம்பெனி காலத்து ஆற்காடு ரூபாயா இருந்தா தேய்ச்சதுமே மதிப்பு போயிடும். பேங்க் லாக்கர் சாவி கெடச்சா நீங்களா போய்த் தெறக்கப் பாக்காதீங்க, பேங்க்ல சொன்னா சாட்சி வச்சு லிஸ்ட் எடுத்துக் குடுப்பாங்க. ஏடிஎம் கார்டையும் யாரும் தொடக்கூடாது.

தரைக்கு அடியிலயோ சுவத்துக்குள்ளயோ கெடச்சா கதையே வேற. 1878ல போட்ட புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், வேலூர்னா சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ். வீட்டை இடிச்சுக் கட்டப் போறீங்கன்னா மேஸ்திரி கிட்டயும் இதை முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க.