பெயர் சொல்லி அழைத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயில் வழக்கு ஒன்றின் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை வந்தது. அதன் தலைப்பு ‘சைட்டேஷன்’. அகராதியைப் பார்த்து ‘மேற்கோள்’ என்று போட்டுவிட்டேன். பிறகு படித்தால் அறிவிப்பில் ஒரு மேற்கோளும் இல்லை. வக்கீல்கள் தீர்ப்பு எண்ணையும் சைட்டேஷன் என்கிறார்கள். ராணுவ விருது விழாவில் வாசிக்கிற பாராட்டும் சைட்டேஷன்தான். இவையெல்லாம் ஒரே சொல்லா? தமிழில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு சொல் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே சொல்தான். ஆனால் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லைத் தேடாதீர்கள், இடத்துக்கு ஒன்றாகத்தான் போட வேண்டும். உங்கள் அறிவிப்பின் தலைப்பில் ‘மேற்கோள்’ தவறு.

லத்தீனில் ‘கியேரே’ என்றால் அசைப்பது, கிளப்புவது. அந்தச் செயலை அழுத்தியும் திரும்பத் திரும்பவும் செய்வதைச் சொல்லும் வடிவம் ‘கிதாரே’. இருக்கிற இடத்திலிருந்து ஒருவரைக் கிளப்பி வரவழைப்பதுதான் ‘சைட்’ என்ற வினையின் வேர்ப்பொருள். உள்ளத்தைக் கிளப்பினால் எக்ஸைட், ஒருவரைத் தூண்டிவிட்டால் இன்சைட், நின்ற மூச்சைக் கிளப்பினால் ரிசஸிடேட். ‘முழுக்க அசைக்கப்பட்ட’, அதாவது நிம்மதியிழந்த என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து சொலிசிட்டர் வந்தார். கிரேக்கத்தில் இதன் உடன்பிறப்பான ‘கினெய்ன்’ வழியாக நம் சினிமாவும் இந்தக் குடும்பம்தான். சிட்டி மட்டும் இதில் சேராது, அதன் வேர் வேறு. இடத்தைக் குறிக்கும் சைட்டும் பார்வையைக் குறிக்கும் சைட்டும் ஒலியில்தான் உறவு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே இந்த மூன்றின் எழுத்துக்கூட்டலை மாற்றிப் போட்டுவிடுவதுண்டு. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுவதால், நாம் ‘அடிக்கிற’ சைட் எது என்பதைப் பேச்சின் போக்கில்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

ரோமில் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் சாட்சியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு இந்த வினை வழங்கியது. ஆளைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்றால் ஏட்டையும் அழைக்கலாம்தானே? ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தன் ரோம வரலாற்றின் நாலாம் பகுதியில், மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலில் இருந்த துணி ஏடுகளைத் தனக்கு முந்திய வரலாற்றாசிரியர் லிசினியஸ் மாக்கர் அடிக்கடி சான்றாக அழைக்கிறார் என்கிறார். அங்கே வரும் வினை இதுவேதான். ஆக, அழைப்பும் சான்றும் லத்தீனிலேயே பிணைந்துவிட்டன.

ஆங்கிலம் முதலில் எடுத்துக்கொண்டது அழைப்பை மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றத்தின் அழைப்பு. திருமணம், உயில், தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது) ஆகிய வழக்குகளில் ஒருவரை வரச்சொல்லும் ஓலை சைட்டேஷன். வராதவருக்குச் சபைவிலக்கம் வரைக்கும் தண்டனை உண்டு. தொலைதூர நீதிமன்றங்களுக்கு மக்களை இழுத்தடித்ததால், அவரவர் வாழும் மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதிக்கு) வெளியே அழைக்கக் கூடாது என்று இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் 1531இல் தனிச்சட்டமே போட்டார்கள். எடுத்தாளுதல் என்ற பொருள் ஆங்கிலத்தில் பரவியது 16ஆம் நூற்றாண்டில்.

உங்கள் அறிவிப்பு பழைய பொருளின் நேர்வாரிசு. இங்கிலாந்தில் உயில் வழக்குகளைத் திருச்சபையிடமிருந்து பறித்து அரசின் நீதிமன்றத்திடம் கொடுத்தது 1857ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றம் மாறினாலும் கலைச்சொல் மாறவில்லை, அப்படியே இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925க்கும் வந்துவிட்டது. அதன் 283ஆம் பிரிவு, இறந்தவரின் சொத்தில் உரிமை கோருகிற எல்லோரும் ‘வந்து நடவடிக்கைகளைப் பார்க்கும்படி’ சைட்டேஷன் விடலாம் என்கிறது. அதை நீதிமன்றக் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். நாளிதழ் போன்ற பிற வழிகளை நீதிபதி சொல்வார்.

‘அழைப்பாணை’ என்று போடலாமே எனத் தோன்றும். வேண்டாம். அது சம்மனுக்கு நிலைத்துவிட்ட சொல், பெயர் குறித்த பிரதிவாதிக்குப் போவது. இதுவோ பெயர் தெரியாத வாரிசுக்கும் போகிறது, விருப்பமிருந்தால் வரலாம். வராவிட்டால் தண்டனை இல்லை, ஆனால் வழக்கு அவரில்லாமல் நடக்கும். எதிர்ப்பவர் கேவியட், அதாவது ‘எனக்குத் தெரிவிக்காமல் நடத்தாதீர்கள்’ என்ற முன்னெச்சரிக்கை மனு, போட வேண்டும். போட்டுவிட்டால் அவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் மேற்கொண்டு நடத்த முடியாது. ஆகவே ‘அழைப்பு அறிவிப்பு’ என்று எழுதுங்கள். ‘ஆணை’ என்று படித்துப் பயந்துபோகிறவரும் ‘மேற்கோள்’ என்று படித்து மடித்து வைத்துவிடுகிறவரும் ஒரே இழப்பைத்தான் அடைவார்கள்.

இனி இரண்டாவது பொருள், எடுத்தாளுதல். கோட் என்பதையும் சைட் என்பதையும் தமிழில் ஒரே ‘மேற்கோள்’ஆக்கிவிடுவதில்தான் பெரிய குழப்பம். கோட் என்பதன் வேர் ‘எத்தனை’ என்ற லத்தீன் சொல். ஏட்டில் அத்தியாய எண் குறிப்பதற்கு வழங்கியது, பிறகு வாசகத்தை அப்படியே எடுத்துச் சொல்வதற்கு ஆனது. எண்ணின் வாடை கடைத்தெருவில் இன்னும் போகவில்லை: கொட்டேஷன் வாங்குகிறோமே, அது விலை. கோட் செய்தால் சொற்கள் வரும். சைட் செய்தால் சொன்னவரும் இடமும் வரும். ஒரு வரியும் எடுக்காமல் சைட் செய்யலாம். யார் சொன்னது என்று சொல்லாமல் கோட் செய்யலாம், வாட்ஸாப்பில் தினமும் நடப்பது அதுதான். சைட்டுக்குச் ‘சான்று சுட்டுதல்’, கோட்டுக்கு ‘மேற்கோள்’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேற்கோளும் பொருள் மாறி வந்த சொல்தான். நன்னூல் ‘வேறுநூல் செய்துமெனும் மேற்கோள்’ என்னும்போது அது கொண்ட உறுதியைக் குறிக்கிறது. இத்தனைக்கும் அந்தச் சூத்திரம் பேசுவது முன்னோர் வாக்கை ஏன் எடுத்தாள வேண்டும் என்பதைப் பற்றி!

வக்கீல்களின் சைட்டேஷன், அழைத்த சாட்சி வருவதற்கான முகவரி. கேசவானந்த பாரதி தீர்ப்பை ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்பார்கள்: தீர்ப்புகளை வெளியிடும் அறிக்கைத் தொடர், ஆண்டு, உச்ச நீதிமன்றம், பக்கம். அதே தீர்ப்பு எஸ்.சி.சி. என்ற வேறொரு தொடரில் (1973) 4 எஸ்.சி.சி. 225 என்றும் வரும். இங்கே 4 என்பது அந்த ஆண்டின் நாலாம் தொகுதி. ஆங்கிலேய முறையில் [1893] 1 கியூ.பி. 256 என்று சதுர அடைப்பு இருந்தால் ஆண்டு இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது. வட்ட அடைப்பு என்றால் தொகுதி எண் தொடர்ந்து ஓடுகிறது, ஆண்டு வெறும் தகவல். இந்திய அறிக்கைகள் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. மேலே காட்டிய எஸ்.சி.சி.யில் வட்ட அடைப்புதான், ஆனால் தொகுதி எண் ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்குகிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது அடைப்பையோ வரிசையையோ ‘சரி’செய்யப் போகாதீர்கள், எண்ணை மாற்றிவிட்டால் வேறு வழக்கு எழுந்து வரும். உச்ச நீதிமன்றம் 2023இல் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுக்கத் தொடங்கியது. ஆண்டு, இந்திய உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் ஐ.என்.எஸ்.சி., வரிசை எண். எந்தப் பதிப்பகத்தையும் சாராததால் இது பிழைக்கு இடம் குறைந்த முகவரி.

அழைத்தும் யாரும் வராத நிகழ்ச்சியும் உண்டு. 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளைச் சான்றாகக் காட்டியதற்காக வழக்கறிஞர்கள் மீது நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வேறொருவர் சுட்டியதைத் தான் பார்த்ததுபோலச் சுட்டுவது இதன் மெல்லிய வடிவம். மூலத்தைப் பார்க்கவில்லையென்றால் ‘இன்னார் நூலில் எடுத்தாண்டபடி’ என்று எழுதுவதே முறை. ஆய்வேட்டு அடிக்குறிப்பில் ‘ஓப். சிட்.’ என்று வருகிறதே, அந்த ‘சிட்’டும் இதே வினைதான். முன்பு அழைத்த நூல் என்று பொருள். அதே ஆசிரியரின் இரண்டு நூல்கள் பட்டியலில் இருந்தால் எது என்று தெரியாமல் போகும். தமிழில் நூற்பெயரைச் சுருக்கியாவது திரும்ப எழுதிவிடுவது நல்லது.

ராணுவப் பொருளுக்குப் பிரெஞ்சுப் படையின் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். வீரச்செயல் செய்தவரின் பெயரைப் படையின் தினக் கட்டளையில் குறிப்பிடுவதை அவர்கள் ‘சித்தாசியோன்’ என்றார்கள். அப்படிக் குறிக்கப்பட்டவர்களுக்காக 1915இல் குரோவா த கேர் (போர்ச் சிலுவை) பதக்கமே ஏற்பட்டது. இங்கே ‘பாராட்டுரை’ போதும், ‘விருதுரை’ இன்னும் பொருத்தம். விழாவில் அதை வாசிக்கும்போது பெயருக்குரியவர் வரிசையை விட்டு முன்னே வந்து நிற்கிறார்.