பழைய பூங்காவைப் பார்த்துக்கொள்ள எங்கே படிக்கணும்?

கேள்வி: "நான் குமரி மாவட்டத்துக்காரன். பி.எஸ்சி. தோட்டக்கலை கடைசி வருஷம். பழமையான அரசுப் பூங்காக்களைப் பராமரிக்கும் வேலைக்கு எப்படித் தயாராவது?"

தம்பி, பட்டம் பாதி வேலைக்கு உதவும். மீதியை ஒரே தோட்டத்தில் ஒரு முழு வருஷம், அங்கேயே நரைத்த ஒரு தோட்டக்காரர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். நான் அப்படித்தான் கற்றேன்.

கல்லூரியில் நமக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மகசூல் கணக்கு. காய்ப்பு குறைந்த மரத்தை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வை என்பார்கள். விளைநிலத்துக்கும் தோப்புக்கும் அது சரி. நூறு வருஷப் பூங்காவில் அந்தக் கிழட்டு மரம்தானே சொத்து!

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அப்போது நான் ஒரு பழைய பொதுத் தோட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், நடுவில் நின்ற நாட்டு மா வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அந்த ரகத்துக்குப் பெயர் தெரிந்தவர்கூட யாரும் இல்லை. ஆட்கள் வாள் எடுத்து வந்துவிட்டார்கள். எங்கள் மூத்த தோட்டக்காரர் என் தோளைப் பிடித்து, "மக்களே, எல வாடுறதுக்கு முன்ன குச்சி எடுத்துரு. பொறவு இந்த மாவ எவன் தருவான்?" என்றார். பென்சில் தடிமனில், நுனி மொட்டு பருத்த குச்சிகளாகப் பார்த்து வெட்டி, இலையைக் கிள்ளி, ஈரச் சாக்கில் சுற்றினேன். அன்று மாலையே பன்னிரண்டு ஒட்டு கட்டினோம். பருவம் தப்பிய வேலை, மூன்றுதான் பிடித்தது. அதில் ஒன்று இன்று அதே தோட்டத்தில் என்னைவிட உயரமாக நிற்கிறது. வேறு எங்கிருந்தோ வாங்கி வைத்த கன்று என்றால் எனக்கு இந்த நிம்மதி இருந்திருக்காது.

1981இல் இத்தாலியின் புளோரன்சில் வகுத்த வரலாற்றுத் தோட்டங்களுக்கான சாசனமும் இதைத்தான் பேசுகிறது. தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம், அதன் பொருள் அழியும், புதுப்பிக்கவும் படும், ஆகவே பயிற்சி பெற்றவர்களின் இடைவிடாத கவனிப்பு வேண்டும் என்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு 1848இல் வந்து வடிவம் கொடுத்த மெக்ஐவரும் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்துத் தேறியவர்தான்.

மரத்தின் மூடு, அதாவது மண்ணோடு சேரும் அடிப்பகுதி, அதைப் பார்க்கப் பழகுங்கள். நம்மூரில் தென்னையை 'இத்தனை மூடு' என்று எண்ணுகிறோம், நாகர்கோவிலில் ஒரு சந்திப்புக்கே வேப்பமூடு என்று பெயர். ஆனால் மூட்டைச் சுற்றி சிமென்ட் போடுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. அங்கே காற்று அடைபட்டால் மரம் உடனே பட்டுப்போகாது. நாலைந்து வருஷம் கழித்து உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். அதற்குள் சிமென்ட் போட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

கொப்பு வெட்டுவதும் அப்படித்தான். தடித்த கொப்பை ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால், விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடியில் பாதி அறுக்கணும். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கணும். கடைசியாக, கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு வீக்கம் தெரியும்; அதைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். அந்த வளையத்தையும் சேர்த்து வழித்து எடுத்த மரங்களில் பொந்து விழுந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டு கட்ட, பதியம் போடக் கை பழகணும் என்றால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் கன்னியாகுமரி அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும் போய்க் கேளுங்கள். கல்கட்டிடத்தோடு சேர்ந்த பசுமையைப் படிக்க உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாயின் கல்லறை உள்ள அந்தக் கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. சுவரில் முளைக்கும் ஆலங்கன்றை விரல் தடிமனிலேயே எடுத்துவிடணும். மணிக்கட்டு அளவு ஆனபின் பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். பத்மநாபபுரம் அரண்மனையோ, 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. ஆக, எந்த இடத்தில் எந்தத் துறையிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொடணும் என்பதும் இந்த வேலையில் ஒரு பாடம்.

முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம்: நிற்கும் இடம், மூட்டுச் சுற்றளவு, தளிர்க்கும் மாதம், யார் எப்போது வெட்டினார்கள், நாற்று எங்கே வளர்கிறது. எங்கள் மூத்த தோட்டக்காரர் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நெல் பருவக் கணக்கில்தான் தேதி சொல்வார். உங்களிடமும் ஒருவர் அப்படிச் சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லித்தரும் அந்தத் தோட்டக்காரர் ஓய்வு பெறுவதற்குள் எழுதிவிடுங்கள், தம்பி.