முதுகில் போட்ட ஊசிதான் இடுப்புவலிக்குக் காரணமா?

சிசேரியனின்போது முதுகுத்தண்டில் போட்ட ஊசியால்தான் இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமியாரோ நாத்தனாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் இளைய மகள் அறுவை சிகிச்சையில் பிறந்தவள். அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே நான் தோட்டத்து நாற்றுமேடை வேலைக்குத் திரும்பிவிட்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண்ணை அள்ளிப் போட்டு, தரையில் தட்டி இறுக்கி, ஈரமண்ணின் கனத்தோடு தூக்கிக்கொண்டு போய் வரிசையில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் துணி, தண்ணீர் வாளி, இடுப்பில் பிள்ளை. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால், "ஊசி போட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்), மருத்துவச்சி கையால் எல்லாப் பிள்ளைகளையும் பெற்ற, ஊசியையே கண்டிராத என் பெரிய மாமியாருக்கும் இடுப்புவலி இருந்தது. அவருக்கு மட்டும் அது வாய்வாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் என் கணவருக்கு வந்தபோது எலும்புத் தேய்மானம் என்றார்கள். தோட்டத்து மருந்தகத்தில் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்களே தவிர, என்ன வேலை செய்கிறாய், எவ்வளவு தூக்குகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் மருத்துவர் அல்லள்; படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குக் கடுமையான தலைவலியும் வரலாம். ஆனால் நாள்பட்ட இடுப்புவலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்திலேயே ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு இடுப்பு வலிக்கிறது என்பதை நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேய்மானமும் அப்படித்தான். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. இடுப்புவலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே வேலைதான் முழுக் காரணம் என்று நானும் சாதிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழாத எங்கள் தோட்டத்துக் கிராணிக்கும் (எழுத்தருக்கும்) வலி இருந்தது.

என் கணவர் தேய்மானம் என்ற சொல்லுக்குப் பயந்து படுத்தே கிடந்ததில்தான் மேலும் முடங்கினார். அரசாங்க மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பிரிவில் மெல்ல மெல்ல நடக்க வைத்த பிறகே தேறினார். ஆனால் கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த இளையவள் இப்போது நிறைமாதமாக இருக்கிறாள். அத்தைமார் ஊசிப் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். அறுவை தேவைப்பட்டால் மருத்துவர் சொல்கிறபடி போட்டுக்கொள், வேலைக்குத் திரும்ப மட்டும் அவசரப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.