விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பா, பிள்ளைகளே வளர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்துபோய்விடத்தான் நினைத்தேன். முடியவில்லை. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் ஐந்தாறு வயதில் ஒரு பிள்ளை இருக்கும் என்று தோன்றுகிறது. பெரியவர்கள் ‘இப்பவே பழக்கு’ என்கிறார்கள், உங்களுக்கோ ‘திணிக்கிறோமோ’ என்று உறுத்துகிறது. என் ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மகனும் மகளும் வளர்ந்து தனித்தனியே போய்விட்டார்கள். நான் கிறிஸ்தவன், வேதத்தை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும். வேறு மார்க்கத்தார் தங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பா என்றால், பொறுப்புதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவோடு யோர்தானைக் கடந்தவர்கள், கர்த்தர் செய்ததைப் பின்வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல அடையாளமாக, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். அந்தத் தலைமுறை கண்ணை மூடியதும் என்ன நடந்தது என்று வேதத்தில் நியாயாதிபதிகள் 2:10-ல் இருக்கிறது. கர்த்தரையும் அவர் செய்ததையும் ‘அறியாத வேறொரு சந்ததி’ எழும்பிற்றாம். கற்கள் நாட்டியபடியே நின்றிருக்கும், கதையை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரே தலைமுறை போதும், எல்லாம் போய்விடும்.

ஆனால் அந்தப் பொறுப்பை நீ எப்படிச் செய்தாய் என்று கேட்டால்தான் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் நிற்காது. 119-ஆம் சங்கீதத்தில் மொத்தம் 176 வசனம். எட்டெட்டு வசனமாக 22 பகுதி. வாரத்துக்கு ஒரு பகுதி மனப்பாடம் என்று கணக்குப் போட்டு, ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயரெழுதி டிக் போட்டு வந்தேன். ஒரு வார்த்தை தவறினால் முதல் வசனத்திலிருந்து மறுபடி. மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் முழங்காலில் இருந்தபடியே பிரம்பு நாற்காலியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். உலுக்கி எழுப்பினேன். நெற்றியில் பிரம்புப் பின்னல் அப்படியே கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அந்த நெற்றியோடு விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான், ஒரு பிழை இல்லை. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று புரியவே பல வருஷமானது.

இதற்கு நடுவில் இன்னொன்று. அப்பா விட்டுப்போன வீட்டுக்காக எனக்கும் என் தம்பிக்கும் தகராறு. நாலு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப் போவதில்லை. (என் பக்கம்தான். ஆனால் அது இப்போது முக்கியமில்லை.) மகனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒரு ராத்திரி மத்தேயு 18 வாசித்தோம். என் சகோதரனை எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிற இடம். ‘ஏழெழுபதுதரமட்டும்’, அதாவது கணக்கே பார்க்காமல், என்று இயேசு சொல்வதை வாசித்து முடித்து, ஜெபிக்கலாம் என்றேன். அவன் கேட்டான்: “அப்பா, தெருவுல இருக்கிற எல்லார் பேரையும் சொல்லி ஜெபிக்கிறீங்க. சித்தப்பா பேரை மட்டும் ஏன் சொல்றதே இல்லை?”

வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். முகத்திலேயே தெரிந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: “பெரியவங்க விஷயத்துல தலையிடாதே. கண்ணை மூடு.”

மூடினான். அதற்கப்புறம் வீட்டில் இருந்தவரை ஜெபத்தில் அவன் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்து வெளியூர் போனான், ஆறே மாதத்தில் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது காரணம் கேட்டேன். நண்பர்கள், இணையம், புத்தகம் என்று எதையாவது சொல்வான், நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவனோ அந்த மத்தேயு 18 ராத்திரியைச் சொன்னான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

இந்த இடத்தில் சிலர் ‘ஒழுங்காக வளர்த்ததைக் குறை சொல்கிறாயா’ என்று வருவீர்கள். இல்லை. குடும்ப ஜெபம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இதே வீட்டில், இதே நோட்டில் டிக் வாங்கிய மகள் இன்றும் விசுவாசத்தில் இருக்கிறாள், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். அதனால் கண்டிப்புதான் கெடுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவளைக் கேட்டால், அம்மா தனியாக ஜெபிக்கும்போது கதவிடுக்கில் பார்த்ததைச் சொல்வாளே தவிர, நோட்டைச் சொல்ல மாட்டாள்.

பிறகுதான் உபாகமம் 6-ஐ நிதானமாக வாசித்தேன். ‘பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’ என்பது ஏழாம் வசனம். அதை எத்தனையோ கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். ஆறாம் வசனம், இந்த வார்த்தைகள் ‘உன் இருதயத்தில் இருக்கக்கடவது’ என்கிறது. அதைத் தாண்டி நேராக ஏழுக்குப் போனவன் நான். அந்தக் கற்கள் விஷயத்திலும், யோசுவா 4-ல் முதலில் பிள்ளைகள் கேட்கிறார்கள், ‘இந்தக் கற்கள் ஏது’ என்று. அப்புறம்தான் தகப்பன் பதில் சொல்கிறான். யாத்திராகமம் 12-ல், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையைப் பற்றியும் அப்படித்தான், பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்றிருக்கிறது. என் பிள்ளை கேட்டான், நான் கண்ணை மூடச் சொன்னேன்.

78-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், அதாவது எனக்கு. பின்வரும் சந்ததிக்கு ‘மறைக்காமல்’ சொல்லுவோம் என்று ஆரம்பிக்கிறது. சரி, அதிசயங்களைச் சொல்லப்போகிறார்கள் என்று பார்த்தால், எட்டாம் வசனத்திலேயே பிள்ளைகள் தங்கள் பிதாக்களைப்போல முரட்டாட்டமும் கலகமுமுள்ள சந்ததியாகிவிடக் கூடாது என்கிறது. தகப்பன்மார் சறுக்கியதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுகிறது. அந்தப் பகுதியை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

மகள் ஒருமுறை ஒரு கட்டுரை அனுப்பினாள். வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1970-ல் தொடங்கி 35 ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் கவனித்தாராம். பெற்றோர், அதிலும் தகப்பன், பிள்ளையோடு நெருக்கமும் கனிவுமாக இருந்த வீடுகளில்தான் நம்பிக்கை கைமாறுவது அதிகமாக இருந்ததாம். பக்தி இருந்தும் தகப்பன் எட்டவே இருந்தால் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லையாம். மகள் வேறெதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மகன் சபைக்கு வருவதில்லை என்று ஜெபக் குழுவில் ஒருவரிடம் மட்டும் சொல்லி அழுதேன். அடுத்த ஞாயிறு அது சபையே ஜெபிக்க வேண்டிய ‘ஜெபக் குறிப்பு’ ஆகிவிட்டது. ஊர்வம்பு என்றால் பாவம், அதையே ஜெபக் குறிப்பு என்று சொல்லிவிட்டால் ஊழியம்! யார் யாரோ கையைப் பிடித்துக்கொண்டு “தைரியமா இருங்க பிரதர்” என்றார்கள். என் மகனிடம் ஒரு ஃபோன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. சபையும் சேர்ந்துதானே பிள்ளையை வளர்க்கிறது என்பார்கள்! சரி, விடுங்கள்.

கணக்குப் போட்டு வளர்த்தால் பலன் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசாரியன் ஏலி தன் மகன்களை அடக்காததால் அவன் வீட்டுக்கு வந்த தண்டனையைச் சிறுவயதிலேயே கர்த்தர் வாயால் கேட்டவன் தீர்க்கதரிசி சாமுவேல். அந்தச் சாமுவேலின் பிள்ளைகளே பின்னால் பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். சாமுவேலை அதற்காக வேதம் எங்கேயும் கடிந்துகொண்டதாக நான் வாசித்ததில்லை. தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்குள் அப்போஸ்தலன் பவுல் கண்ட விசுவாசத்துக்கு அவர் கொடுக்கும் பெயர் ‘மாயமற்ற விசுவாசம்’, அதாவது வேஷமில்லாதது. அது முந்திப் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்ததாம். மாயமற்ற என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அதனால் உங்களுக்கு: சொல்லிக்கொடுங்கள், தயங்க வேண்டாம். பிள்ளை கேள்வி கேட்டால் அன்றைய ஜெபத்தைக்கூடத் தள்ளி வையுங்கள். பதில் உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தம்பி வீட்டுக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன், மகன் சொன்ன அடுத்த மாதமே. வீடு தம்பியிடமே இருக்கிறது. மகனிடம் அதைச் சொன்னபோது “நல்லதுப்பா” என்றான். அவ்வளவுதான். அதனால் அவன் சபைக்குத் திரும்பி வந்துவிட்டான் என்று சாட்சி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இப்போது இரவு ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் மட்டும்தான். தம்பியின் பெயரை ஜெபத்தில் சொல்கிறேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அப்புறம், ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்’ என்று கீழே நீதிமொழிகள் 22:6-ஐ எழுதப்போகிறவர்களுக்கு: அந்த வசனம் எனக்குத் தெரியும். என் மகனும் ஒரு வார்த்தை தவறாமல் சொல்வான்.